கொழுந்து பொறுக்கும், தூள் பொறாது

சிங்கள மொழியில் றக்வான என்றும், தமிழ் மக்கள் நாவில் இறக்குவானை என்றும் வழங்கும் ஊர், சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி மாவட்டத்தில் மலைகளின் மடியில் அமைந்திருக்கின்றது. மாணிக்கக் கல்லுக்கும் தேயிலைக்கும் ஒருங்கே பெயர் பெற்ற மண் அது. மேற்கே சிங்கராஜ வனம். தெற்கே தெனியாயாவை நோக்கிப் புலுத்தொட்டைக் கணவாயில் வளைந்து வளைந்து ஏறும் பாதை. இடையே தேயிலையும் றப்பரும் மாறிமாறிப் படர்ந்த குன்றுகள். பகலில் அக்குன்றுகளைக் காண்பவர், நிரை நிரையாக நின்று கொழுந்து பறிக்கும் பெண்களைக் காண்பர். தேயிலையின் கதை அவ்வளவே என எண்ணுவோரும் உளர். ஆனால், அக்கதையின் மறுபாதி ஊர் உறங்கும் வேளையிலேதான் நடக்கின்றது.

பின்னிரவில் லயங்களிலே விளக்குகள் அணைந்திருக்கும். தோட்ட மக்கள் ‘ஸ்டோர்’ என்று அழைக்கும் தேயிலைத் தொழிற்சாலையில் மட்டும் விளக்கெரியும். அங்கே உருட்டும் பொறிகள் சுழலும். அடுப்பிலே விறகு எரியும். சுவரிலே ஒரு கடிகாரம் ஓடும். இம்மூன்றனுள் எதனை ஓயாது கண்காணிக்க வேண்டும் என்று அனுபவமுள்ள டீமேக்கரைக் கேட்டால், அவர் கடிகாரத்தையே காட்டுவார். ஏன்? தேயிலை செய்தல் என்பது தனியொரு வேலை அன்று. ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட பல வேலைகளின் மாலை. ஒவ்வொரு வேலையும் எவ்வளவு நேரம் நடைபெற வேண்டும் என்பது ஒரு கேள்வி. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையே குறைந்தது எவ்வளவு நேரம் செல்ல வேண்டும், கூடியது எவ்வளவு நேரந்தான் செல்லலாம் என்பது மற்றொரு கேள்வி. முன்னதற்கு விடை காண்பது எளிது. பின்னதிலேதான் தொழிலின் வெற்றியும் தோல்வியும் அடங்கியுள்ளன.

இக்கேள்வி தேயிலைக்கு மட்டும் உரியதன்று. இன்று உலகெங்கும் தொழிற்சாலைகளின் நேரசூசியைக் கணினி மென்பொருள்கள் வகுத்துக் கொடுக்கின்றன. அவற்றைச் செய்வோருக்கும் பயன்படுத்துவோருக்கும் பெருஞ் சிக்கலாக இருப்பதும் தொடர்புற்ற தொகுதிகளுக்கு இடைப்பட்ட இந்தக் கால எல்லையே. அந்தச் சிக்கலை விளங்கிக்கொள்வதற்கு இறக்குவானைப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலையைவிடச் சிறந்த பாடசாலை வேறில்லை.

தோட்டத்திலிருந்து வந்த பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு 75 பங்குக்கும் அதிகமாக நீரே இருக்கும். முதலில் அதனை வாட்டுதல் வேண்டும். முற்காலத்தில் மேல்மாடியில் சாக்குத் தட்டுகளிலே மெல்லப் பரப்பி வாட்டினர். இப்பொழுது நீண்ட தொட்டிகளில் இட்டு, அடியிலிருந்து விசிறியாற் காற்றைச் செலுத்துகின்றனர். கொழுந்தின் ஈரத்தையும் வானிலையையும் பொறுத்து 10 மணித்தியாலமோ, 14 மணித்தியாலமோ, அதற்குச் சற்று மேலோ ஆகலாம். வாடாத கொழுந்தை உருட்டினால் அது நொறுங்கும், முறுகாது. ஆகவே, இங்கே ஒரு கீழெல்லை உண்டு. மேலெல்லையும் உண்டெனினும் அது தாராளமானது. பதம் கிட்டிய வேளையில் காற்றைக் குறைத்து வைத்தால், கொழுந்து இன்னும் அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ பொறுத்திருக்கும்.

வாடிய கொழுந்து உருட்டும் பொறிக்குள் விழுந்த கணத்திலே நிலைமை மாறிவிடுகின்றது. அதுவரை இலையின் நுண்ணிய கலங்களுக்குள் தனித்தனியே இருந்த பொலிபீனோல்களும் நொதியங்களும் கலம் சிதைந்ததும் ஒன்றோடொன்று கலக்கின்றன. காற்றிலுள்ள ஒட்சிசன் வந்து சேர்கின்றது. இதனைப் புளித்தல் என்று வழங்குவர். ஆயினும், தயிர் புளிப்பதுபோல நுண்ணுயிர்கள் செய்யும் செயல் அன்று இது, இது ஒட்சியேற்றம். பச்சை இலை செம்பு நிறமாகின்றது. பச்சை வாடை நீங்கி நறுமணம் பிறக்கின்றது. தேநீருக்கு ஒளியும் உறைப்பும் தரும் தியாபிளேவின் என்னும் பொருள் இப்பொழுதுதான் உண்டாகின்றது. அஃது ஓர் உச்சத்தை எட்டி, அதன்பின் குறையத் தொடங்குகின்றது. எனவே, முன்னதாக நிறுத்தினால் தேநீர் பச்சையாய்க் கசக்கும். பிந்தி நிறுத்தினால் மங்கிச் சப்பென்றாகும். உருட்டத் தொடங்கிய நேரத்திலிருந்து ஏறத்தாழ 2 முதல் 3 மணித்தியாலத்துக்குள் அந்தப் பதம் வந்து போய்விடும். நுவரெலியாவின் குளிரில் அது மெல்ல வரும். சப்ரகமுவத் தாழ்நிலத்தின் வெப்பத்தில் விரைந்து வந்து விரைந்து போகும். குளிர்ந்த பின்னிரவிலே உருட்டத் தொடங்குவதன் காரணமும் அதுவே.

அந்தப் பதத்தை நிறுத்திவைப்பது உலர்த்தும் பொறி ஒன்றுதான். ஏறத்தாழ 90 முதல் 100 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள காற்று இருபது நிமிடமளவில் ஈரத்தை நூற்றுக்கு 3 பங்கு வரை இறக்கி, நொதியங்களையும் செயலிழக்கச் செய்துவிடும். அதற்குப் பின் தேயிலைக்கு அவசரமில்லை. சலித்துத் தரம் பிரிக்கும் வேலை மறுநாளும் நடக்கலாம்.

இவ்வளவும் சொன்னபின் உண்மை ஒன்று தெளிவாகின்றது. கொழுந்து வாட்டும் தொட்டியிலே பொறுத்திருக்கும். உலர்ந்த தேயிலை களஞ்சியத்திலே பொறுத்திருக்கும். இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள தூள் மட்டும் பொறுக்கவே பொறாது. தாமதம் என்பது எந்தத் தொழிற்சாலையிலும் தவிர்க்க முடியாதது. ஆனால், அந்தத் தாமதத்தை எந்த இடத்தில் வைப்பது என்பது மனிதன் கையில் இருக்கின்றது. தீங்கற்ற இடத்தில் வைப்பவன் நல்ல தேயிலை செய்கின்றான். தீங்கு விளையும் இடத்தில் வைப்பவன் கெட்ட தேயிலை செய்கின்றான்.

ஒரு சிறு கணக்கால் இதனை விளக்கலாம். எளிமையின் பொருட்டு, ஒரு முறை உருட்டிய கொழுந்தின் தூள் முழுவதும் ஒரே தொகுதி எனக் கொள்க. உருட்டத் தொடங்கி 2 மணித்தியாலத்துக்கு முன் அஃது உலர்த்தும் பொறிக்குள் செல்லலாகாது. இரண்டரை மணித்தியாலத்துக்குப் பின்னும் செல்லலாகாது. உலர்த்தும் பொறி ஒன்றே உண்டு. ஒரு தொகுதியை முடிக்க அதற்கு 40 நிமிடம் வேண்டும். உருட்டும் பொறிகளோ பல உள்ளன. அரை மணிக்கு ஒரு முறை கொழுந்தை இட அவை ஆயத்தமாய் நிற்கின்றன.

பொறி சும்மா நிற்கலாமா என்று எண்ணும் ஒருவர், அதிகாலை 4 மணிக்குத் தொடங்கி, 4.30, 5, 5.30, 6 என்று அரை மணிக்கு ஒரு தொகுதியாக ஐந்து தொகுதிகளை இடுகின்றார். முதல் தொகுதி 6 மணிக்குப் பதமாகி, அப்பொழுதே உலர்த்தும் பொறிக்குள் செல்கின்றது. இரண்டாவது 6.30க்குப் பதமாகின்றது, ஆனால், பொறி 6.40க்கே ஒழிகின்றது. பத்து நிமிடம் தாமதம். மூன்றாவதற்கு இருபது நிமிடம். நான்காவதற்கு முப்பது நிமிடம். அத்தொகுதி எல்லையின் விளிம்பிலே தப்பிவிட்டது. ஐந்தாவது தொகுதி 8 மணிக்குப் பதமாகி 8.40க்கே உட்செல்கின்றது. 8.30உடன் அதன் காலம் முடிந்துவிட்டது. ஐந்தாவது தொகுதி கெட்டது. ஒவ்வொரு தொகுதிக்கும் பத்துப் பத்து நிமிடமாகச் சேர்ந்த தாமதம், யார் கண்ணிலும் படாமல் வளர்ந்து, ஐந்தாவதன் தலையிலே விழுந்தது.

இனி, வேறொருவர் அதே தொழிற்சாலையில் 40 நிமிடத்துக்கு ஒரு தொகுதியாக 4, 4.40, 5.20, 6, 6.40 என்று இடுகின்றார். ஒவ்வொரு தொகுதியும் பதமாகும் கணத்திலே உலர்த்தும் பொறி அதற்காகத் திறந்திருக்கின்றது. ஐந்தாவது தொகுதி எத்தனை மணிக்கு உட்செல்கின்றது? 8.40க்கு! அவசரப்பட்டவரின் ஐந்தாவது தொகுதி சென்றதும் 8.40க்கு, நிதானித்தவரின் ஐந்தாவது தொகுதி செல்வதும் 8.40க்கு. அவசரத்தால் ஒரு நிமிடமேனும் மிச்சமாகவில்லை. நல்ல தேயிலை மட்டும் போயிற்று. பதறிய காரியம் சிதறும் என்று நம் முன்னோர் சொன்னதற்கு இதனினும் தெளிவான கணக்கு வேண்டுமோ?

தூள் தேங்குவதைக் கண்டபின் சிலர் மற்றொரு வழியை நாடுவதுண்டு. உலர்த்தும் பொறியின் தட்டிலே தூளைத் தடித்துப் பரப்பினால் இரண்டு தொகுதியையும் ஒரே நேரத்தில் முடித்துவிடலாமே என்பது அவர்கள் எண்ணம். காற்று ஊடுருவாத தடிப்பில் தூள் உலர்வதற்குப் பதிலாக வேகின்றது. வெந்த தேயிலையின் குற்றத்தைக் கொழும்பிலே சுவை பார்ப்பவர் ஒரு மிடற்றிலே கண்டுபிடித்துவிடுவார். 1883ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்தில் விலையை முடிவு செய்வது அந்த ஒரு மிடறே.

ஆகவே, அறிந்தோர் நேரசூசியைப் பின்னிருந்து முன்னாக வகுக்கின்றனர். உலர்த்தும் பொறி ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு கொள்ளும் என்பதை முதலில் அளந்து, அதற்கேற்ப உருட்டும் நேரத்தை முறைப்படுத்தி, அதற்கேற்ப வாட்டும் தொட்டிகளை நிரப்பும் ஒழுங்கை அமைக்கின்றனர். முன்னதைத் தொடங்குமுன் பின்னதற்கு இடம் உண்டோ என்று கேட்பதே அந்த முறையின் உயிர்நாடி. 1925ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிறுவகம், தாழ்நிலத் தேயிலையின் தேவைகளுக்கென்றே இரத்தினபுரியிலும் ஒரு நிலையத்தை நடத்துகின்றது. மலைநாட்டுக்குப் பொருந்தும் நேரம் தாழ்நிலத்துக்குப் பொருந்தாது என்பதே இத்தகைய தனி ஆராய்ச்சியின் தேவையை உணர்த்தும்.

இதுவரை சொன்னது எளிமையாக்கிய கணக்கு. மெய்யான தொழிற்சாலையில் ஒரு முறை உருட்டியதோடு வேலை முடிவதில்லை. உருட்டிய கொழுந்தைச் சலித்ததும் கீழே விழுவது முதலாம் தூள். சல்லடையில் தங்கியது மீண்டும் உருட்டப்பட்டு, மீண்டும் சலிக்கப்பட்டு, இரண்டாம் தூளையும் மூன்றாம் தூளையும் தருகின்றது. ஈற்றில் பெரிய இலைத்திரள் எஞ்சும். ஒரு தாயின் பல பிள்ளைகள் போல ஒரு தொகுதியிலிருந்து பல தொகுதிகள் பிறக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை உண்டு; ஆயினும், எல்லாவற்றின் வயதும் முதன்முதல் உருட்டத் தொடங்கிய அந்த ஒரே கணத்திலிருந்து எண்ணப்படவேண்டும். சல்லடையிலிருந்து விழுந்த கணத்தை இரண்டாம் தூளின் பிறந்த நேரமாகக் கொள்பவர், அது முன்னரே ஒரு மணித்தியாலமளவு வாழ்ந்துவிட்டதை மறந்துவிடுகின்றார்.

கணினிக்கு இந்தப் பாடத்தைக் கற்பிப்பது எங்ஙனம்? அமெரிக்கரான ஹென்றி கான்ட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலைகளை நீண்ட கோடுகளாக வரைந்து காட்டும் அட்டவணையைப் பரப்பினார். எந்த வேலை எப்பொழுது தொடங்கி எப்பொழுது முடியும் என்பதை அது காட்டும். இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள வெறும் இடத்தில் தூள் கெட்டுக்கொண்டிருக்கின்றதா என்பதைக் காட்டாது. 1954இல் ஜோன்சன் என்னும் அறிஞர், இரண்டு பொறிகளின் வழியே செல்லும் பல வேலைகளை விரைவில் முடிக்கத்தக்க வரிசையைக் கணித முறையிற் காட்டினார். 1959இல் மிற்றன் என்பவர், அவ்வேலைகளுக்கு இடையே கட்டாயமாகச் செல்லவேண்டிய காலத்தையும் அந்தக் கணக்கிலே சேர்த்தார். இன்றைய மென்பொருள்கள் இவ்வழியில் வந்தவையே.

அவற்றுள் எளியவை சில, ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கின்றன: அடுத்த வேலை எதற்கு முன் தொடங்கலாகாது? இந்த ஒரு கேள்வியோடு நின்றுவிடும் மென்பொருள், மேலே கண்ட அவசரக்காரரின் நேரசூசியையே கூசாமல் எழுதித் தரும். ஐந்தாவது தொகுதி நாற்பது நிமிடம் காத்திருப்பதை அது குற்றமாகவே கருதாது. நல்ல மென்பொருள் இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்கும். அடுத்த வேலை எதற்குப் பின் தொடங்கலாகாது? அந்தக் காலத்தை முந்திய வேலையின் தொடக்கத்திலிருந்து எண்ணுவதா, முடிவிலிருந்து எண்ணுவதா?

மூன்றாவது கேள்வி அற்பமானதெனத் தோன்றலாம். அதில் அடங்கிய இடரைப் பார்க்க வேண்டும். வழக்கமாக அரை மணித்தியாலத்தில் முடியும் உருட்டல், பொறியில் ஏற்பட்ட சிறு கோளாற்றால் ஐம்பது நிமிடம் நீடித்தது எனக் கொள்க. முடிவிலிருந்து எண்ணும் கணக்கு, தூளுக்கு இன்னும் முழு நேரமும் உண்டு என்று ஆறுதல் கூறும். தொடக்கத்திலிருந்து எண்ணும் கணக்கோ, இருபது நிமிடம் ஏற்கெனவே கரைந்துவிட்டது என்று எச்சரிக்கும். எந்தக் கணக்கை நம்பினாலும் இலைக்குள் நடப்பது நடந்துகொண்டே இருக்கும். கணினிக்கு எண்களைக் கொடுப்பவர் தேயிலையை அறிந்தவராக இருத்தல் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

தேயிலையைப் போன்றே பொறுமையற்ற பொருள்கள் வேறும் பல உள. ஆயத்தமாகக் கலந்து வண்டியில் அனுப்பப்படும் கொங்கிறீற்று, இறுகுமுன் அச்சிலே ஊற்றப்பட வேண்டும். கணினியின் மூளையாகிய சிலிக்கன் தகடுகளைக் கழுவிச் சுத்தஞ் செய்தபின் குறித்த நேரத்துக்குள் அடுத்த உலைக்கு அனுப்பாவிடில், அவற்றின் மேற்பரப்பிலே வேண்டாத படலம் படிந்துவிடும். மீண்டும் கழுவ வேண்டும், அல்லது கழித்துவிட வேண்டும். அங்கும், பின்னே இடம் உறுதியாகாமல் முன்னே தொடங்கலாகாது என்பதே விதி. கோடிக்கணக்கிலே பணம் புரளும் அந்த ஆலைகளின் விதியும், இறக்குவானையில் றப்பர் விறகு எரித்துத் தேயிலை செய்யும் ஸ்டோரின் விதியும் ஒன்றாய் இருப்பது வியப்பே.

2022ஆம் ஆண்டு இலங்கை மக்கள் எளிதில் மறக்கக்கூடிய ஆண்டன்று. எரிபொருளுக்கு வரிசை, மின்வெட்டோ மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை சென்றது. மின்பிறப்பாக்கி இருந்த இடத்திலும் டீசல் கிடைப்பது அரிதாயிற்று. வீட்டிலே விளக்கணைந்தால் இருள் மட்டுமே வரும். ஸ்டோரிலே மின்சாரம் நின்றால், தட்டிலே பரப்பியிருக்கும் தூள் தன் போக்கிலே முற்றிக்கொண்டிருக்கும். காலை 8 மணிக்கு மின்சாரம் நிற்கும் என்று அறிவிக்கப்பட்டதானால், மேலே கண்ட நிதானமான நேரசூசியில் 5.20க்கு இட்ட மூன்றாவது தொகுதியே கடைசி, அது 7.20க்கு உட்சென்று சரியாக 8 மணிக்கு வெளிவரும். நான்காவதைத் தொட்டியிலேயே நிறுத்திவிட வேண்டும். விசிறி நின்ற தொட்டியிலே கொழுந்துக்கும் சிறிது கேடு உண்டுதான்; ஆயினும், உருண்ட தூளுக்கு நேரும் கேட்டோடு அதனை ஒப்பிட முடியாது. எட்டு மணிக்கு நேரும் தடையை 6 மணிக்கே உணர்ந்து கையைக் கட்டுபவன் சோம்பேறி அல்லன், அவனே அறிந்தவன்.

இத்தனை நுணுக்கமும் யாருக்காக? ஏலத்தில் கிடைக்கும் சில ரூபாய்க்காக மட்டுமா? கொழுந்து பறிக்கும் பெண் விடியலிலே எழுந்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பிராவில் விட்டு, அட்டைக் கடியைத் தாங்கிச் சரிவிலே நின்று பறிக்கின்றாள். குறித்த நிறை வந்தால்தான் அவளுக்கு முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர் என்பது தோட்டத்தின் நெடுங்கால வழக்கு. அவளிடம் கிலோவுக்குக் கணக்குக் கேட்கும் உலகம், அவள் பறித்த கொழுந்தை ஸ்டோரிலே பத்து நிமிட அசட்டையால் பாழாக்குபவரிடமும் கணக்குக் கேட்கவேண்டும் அன்றோ? இறக்குவானையைச் சூழ்ந்த கிராமங்களில் சிறு துண்டு நிலத்திலே தேயிலை வளர்க்கும் சிங்களக் குடியானவரின் நிலையும் அதுவே. தொழிற்சாலை ஏலத்திலே பெறும் விலையை ஒட்டியே அவர் கொழுந்துக்கு விலை கிடைக்கின்றது. அவர் காணாத ஓர் அறையில், அவர் உறங்கும் நேரத்தில், அவருடைய அடுத்த மாத வருமானம் முடிவாகின்றது. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோவுக்கு மேற்பட்ட பச்சைக் கொழுந்து வேண்டும். கெட்டுப்போன ஒவ்வொரு கிலோவின் பின்னும் அத்தனை கொழுந்தைப் பறித்த விரல்கள் உள்ளன.

திருவள்ளுவர் காலமறிதலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். காலம் அறிதல் என்பது விரைதல் அன்று, காத்திருத்தலும் அன்று. எங்கே காத்திருக்கலாம், எங்கே காத்திருக்கலாகாது என்று பகுத்தறிதலே அது. மென்பொருள் அந்தப் பகுப்பை ஆயிரம் தொகுதிகளுக்கும் நொடியிலே கணக்கிட்டுத் தரும். ஆனால், பகுப்பைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவன் மனிதனே. இன்று பின்னிரவிலும் இறக்குவானை மலைச்சாரலில் யாரோ ஒரு டீமேக்கர், கொழுந்து நிறைந்த தொட்டியையும் காலியாக நிற்கும் உருட்டும் பொறியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள் என்று தம் ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தப் பத்து நிமிடத்தின் அருமையை, மறுநாள் எங்கோ ஒரு வீட்டில் தேநீர் அருந்துபவர் அறியார். நல்ல தேநீர் என்று மட்டும் சொல்வார்.